வேண்டுமென்றே விட்ட பை

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் ஒரு அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, கஞ்சி போட்ட காட்டன் புடவை, இடது மணிக்கட்டில் கட்டு. காலடியில் இருந்த பெரிய கட்டைப்பையை அடிக்கடி காலால் சீட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டே வந்தார்.

புதுச்சத்திரத்தில் இறங்கிப் போய்விட்டார். பை அங்கேயே கிடந்தது. நான் கத்தி பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“அம்மா, பையை மறந்துட்டீங்க!”

அவர் முகம் வாடிப்போனது.

“மறக்கலம்மா. வேணும்னுதான் உட்டுட்டு வந்தேன்.”

உள்ளே மூடியில்லாத டப்பாக்கள், உடைந்த மிக்ஸி ஜார், நின்றுபோன சுவர்க்கடிகாரம்.

“எங்க ஊட்டுக்காரரு ஒண்ணையும் தூக்கிப்போட உட மாட்டாரு. குப்பையில போட்டாலும் பொறுக்கியாந்து கட்டிலுக்கடியில வச்சிடுவாரு. நடக்க எடமில்ல, தடுக்கி உழுந்துதான் கையி இப்படி ஆச்சு. பஸ்ஸுல உட்டா திரும்பி வராதுன்னு பாத்தா, ஒவ்வொரு வாட்டியும் உன்னாட்டம் ஒரு நல்லவ ஓடியாந்து குடுத்துடுறா!”

கண்டக்டர் விசில் அடித்தார்.

“சரி, நானே எடுத்துட்டுப் போறேம்மா” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். வெறுங்கையை வீசிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

கடலூர் வந்ததும் பையை சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு இறங்கினேன். பின்னால், “அக்கா, பையி! பையி!” என்று ஒரு குரல். திரும்பிப் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாகப் போனேன். அந்த அம்மாளால் மட்டும் எப்படி அவ்வளவு நிதானமாக இறங்கிப் போக முடிந்தது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.