அந்தக் குடைக்கு என்ன பவர்?

போன ஞாயிறு மதியம், எங்கள் டாக்குரியா ஃப்ளாட்டில் ஒரு மந்திர வாளை விற்றுவிட்டார்கள்.

பதறாதீர்கள், விளையாட்டில்தான்! மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, பேசிப் பேசியே ஒரு கதையை நகர்த்தும் விளையாட்டு. கதை சொல்வது நான். ஆடுவது அலிப்பூர் ஆபீஸில் வேலை பார்க்கும் சந்துருவும், கல்யாணத்துக்குப் பிறகு தமிழ் கற்றுக்கொண்ட அவன் பெங்காலி மனைவி மௌசுமியும். அவன் போர்வீரன், அவள் மந்திரக்காரி.

அந்த வாள் தீயைக் கக்கும், பேயை வெட்டும். எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்லித்தான் கொடுத்திருந்தேன். "இதைவிட நல்லது ஒண்ணு இருக்கேக்கா, ரெண்டு எதுக்கு?" என்று சந்தையில் தள்ளிவிட்டான் சந்துரு. மௌசுமியோ மொபைலைப் பார்த்தபடி, "தீதி, அடுத்த வாரம் சினிமா போலாமா?" என்றாள். தீதி என்றால் பெங்காலியில் அக்கா.

இந்தப் பெங்காலி ஊரில் நான் வாய் நிறையத் தமிழ் பேசுவதே இந்த ஞாயிறுகளில்தான். அதுவும் போச்சா?

கதையில் அடுத்த பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே என்ன? நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. காலை மழையில் கடைக்கு எடுத்துப்போன என் கறுப்புக் குடை வாசலில் இன்னும் காயாமல் கிடந்தது...

"ஒரு பழைய கறுப்புக் குடை," என்றேன்.

"என்ன பவர்?" என்றான் சந்துரு, நிமிராமலே.

எனக்கே தெரியாதே! "தெரியல. கைப்பிடில பல் தடம் இருக்கு. அவ்வளவுதான்."

சந்துரு நிமிர்ந்தான். "யாரோட பல்லு?"

நான் பகடையை அவன் பக்கம் தள்ளினேன்.

"ஆரே பாபா, அதைத் தொடாதே!" மௌசுமி மொபைலைக் கவிழ்த்து வைத்தாள். கதைக்குள்ளேயே அதைக் குச்சியால் குத்திப் பார்த்தார்கள். முகர்ந்து பார்த்தார்கள். இதையும் விற்றுவிடலாமே என்றேன். "ஏன்க்கா விக்கச் சொல்றீங்க?" — இப்போது என் மேலேயே சந்தேகம்! யார் தூக்கிவருவது என்று புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வேறு. கடைசிவரை ஒருவரும் அதை விரிக்கவில்லை.

நாம் எல்லோருமே இப்படித்தான், இல்லையா? இன்னதுக்கு இது என்று அச்சடித்துக் கொடுத்த பொருளை மூலையில் போட்டுவிடுவோம். எதிர் ஃப்ளாட்டில் பூட்டியே கிடக்கும் அறையில் என்ன இருக்கிறது என்பதுதான் நம் தூக்கத்தைக் கெடுக்கும்.

கிளம்பும்போது மழை கொட்டியது. இருவரும் குடை கொண்டுவரவில்லை. "இதை எடுத்துட்டுப் போங்க," என்று என் குடையை நீட்டினேன்.

மௌசுமி குடையைப் பார்த்தாள். சந்துரு மௌசுமியைப் பார்த்தான்.

"வேண்டாம் தீதி, நனைஞ்சே போறோம். அடுத்த ஞாயிறு சீக்கிரமே வந்துடறோம்!"

சினிமா? அந்தப் பேச்சையே காணோம்!

சிரித்துக்கொண்டே குடையை ஆணியில் மாட்டப் போனேன். கைப்பிடியில் சின்னதாக ஒரு பள்ளம் விரலில் தட்டுப்பட்டது.

இது முன்பே இருந்ததா?