சொர்ணம் சொன்ன கல்லு

பெங்களூரில் மேகம் கூடினால் சந்தாபுரா சொர்ணத்தைக் கேட்டுவிட்டுத்தான் இறங்கும். சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். கேட்காமலும் எத்தனையோ முறை இறங்கியிருக்கிறது. ஆனால் இறங்கியதை முதலில் ஊருக்குச் சொல்வது அவள்தான்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பேக்கரி வைத்திருக்கிறாள். வாணியம்பாடியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் இறந்ததும் கடையைக் காலி செய்யச் சொன்ன கட்டடக்காரரிடம், "அடுப்பு சூடா இருக்கு, வந்து தூக்கிட்டுப் போங்க" என்றவள். அவர் இன்றும் அவளிடம்தான் காரா பன் வாங்குகிறார்.

காற்று, மழை எதுவானாலும் கண்ணால் பார்த்தவர்கள் உடனே சொல்ல ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அங்கிருந்து செய்தி வானிலை கணிப்பவர்களுக்குப் போகும். ரேடார் மேகத்தைப் பார்க்கும்; தரையில் என்ன நடக்கிறது என்று ஆள்தான் சொல்ல வேண்டும். குழுவை நடத்துவது அடுகோடி ஹரிஷ்குமார். அதில் சேர்ந்த புதிதில் சொர்ணம் எழுதினாள்: "சந்தாபுரா சர்க்கிள்ல கல்லு விழுது. யாரும் வராதீங்க."

யாரோ அதை ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். கல்வீச்சு என்று நினைத்து ஹெப்பகோடி வரை கடைகளை மூடினார்கள். போலீஸ் ஜீப் பறந்து வந்தது. இறங்கிய இன்ஸ்பெக்டரின் தொப்பியிலேயே டொக்கென்று ஆதாரம் விழுந்தது.

"அக்கா, ஆலங்கட்டின்னு எழுதக் கூடாதா?" என்றான் ஹரிஷ்குமார்.

"உங்க கன்னடத்துலயும் ஆலிகல்லுதானே? வானிலை குரூப்ல கல்லுன்னா வேற எங்கேருந்து விழும்?"

"பிரச்சினை ஆயிடுச்சுக்கா. ஒரு சாரி போடுங்க."

"போட மாட்டேன். விழுந்தது கல்லு."

அவளைக் குழுவிலிருந்து நீக்கினான். அவளோ தினமும் அவன் நம்பருக்கே எழுதினாள்: இன்று காற்று, இன்று இடி, இன்று ஒன்றும் இல்லை. அவன் அந்த நம்பரையும் பிளாக் செய்தான்.

இந்த மே மாதம் ஒரு மத்தியானம் சந்தாபுராவில் வானம் பச்சையாகி, கூரைகள் படபடத்தன. காற்று ஹெப்பகோடிப் பக்கம் திரும்பியிருந்தது. அங்கே எங்கள் சர்ச்சின் விடுமுறை வேதப் பள்ளி, தகரப் பந்தலில். முதல் பெஞ்சில் என் பேத்தி குளோரியா. காலையில்தான் பிள்ளைகளுக்கு பன் அனுப்பியிருந்தாள் சொர்ணம். ஆர்டர் கொடுத்த லவினா டீச்சரை அழைத்தாள். பாட்டுச் சத்தத்தில் எடுக்கவில்லை. உடனே ஹரிஷ்குமாரின் அம்மா மமதாவை அழைத்தாள். தேங்காய் இனிப்பு வைத்த தில்பசந்த் ரொட்டி வாங்கக் கடைக்கு வருகிறவர்.

"ஏனு சொர்ணம்மா?"

"உங்க பையன்கிட்ட போனைக் குடுங்க. இல்லேன்னா இனிமே தில்பசந்த் கிடையாது."

கொடுத்துவிட்டார்.

"கல்லு விழுது. பேய்க்காத்து. ஹெப்பகோடிக்கு வருது, பசங்க பந்தல்ல இருக்காங்க. உடனே சொல்லு."

"போட்டோ இருக்காக்கா?"

"வெளியே போனா என் மண்டை உடையறதுதான் போட்டோல வரும்."

"சரி, ஆலங்கட்டின்னு போடறேன்."

"கல்லுன்னு போடுடா! நான் சொன்னது அது."

தகர டமாரம் போனிலேயே கேட்டதோ என்னவோ, அவன் எழுதினான்: "சந்தாபுராவில் கல்லு. சொர்ணம் அக்கா சொல்கிறார்." கணிப்பவர்கள் ரேடாரோடு ஒப்பிட்டு, அந்தப் பக்கத்துப் போன்களுக்கெல்லாம் எச்சரிக்கை விட்டார்கள். பந்தலில் பாட்டுப் போடும் பையன் ஜாய்சனின் போனிலிருந்துதான் பாட்டு ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருந்தது. பாட்டை வெட்டிக்கொண்டு எச்சரிக்கை மணி அலற, பிள்ளைகள் பக்கத்திலிருந்த சர்ச்சுக்குள் ஓடினார்கள். கடைசிப் பிள்ளை உள்ளே போனதும் தேங்காய் தேங்காயாய்க் கல் கொட்டியது. பந்தல் மொத்தமும் பறந்து ஓசூர் ரோட்டில் போய் விழுந்தது.

சொர்ணம் இப்போது மறுபடியும் குழுவில் இருக்கிறாள். சாரி இன்னும் போடவில்லை.

ஓய்வு பெற்ற டீச்சரான நான் இதை அவள் கடையில் உட்கார்ந்துதான் எழுதினேன். மாவுக் கையோடு வாங்கிப் படித்தாள்.

"டீச்சரம்மா, தேங்காய் இல்ல, நெல்லிக்காய். பந்தலும் பறக்கல. ஒரே ஒரு தகரம்தான் விழுந்துச்சு, அந்த முதல் பெஞ்சு மேல. கல்லுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதை மட்டும் மாத்தாதீங்க."