சரோஜா என்ற பெயரில் கப்பலேறிய அஞ்சலை அண்ணி

தந்தி வந்தபோது நான் முத்தியால்பேட்டையில், அண்ணியின் பிறந்த வீட்டில்தான் இருந்தேன். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் அண்ணியின் தங்கை சரோஜா. பிரித்துப் பார்த்து, பிரெஞ்சில் இருந்ததால் என்னிடம் நீட்டினாள். "மர்செய் ஆஸ்பத்திரியில் சரோஜா நேற்று காலமானாள். தனகோடி" என்று வாசித்தேன். வாசித்துவிட்டு நிமிர்ந்தால் சரோஜா என் எதிரில் நிற்கிறாள்.

"அக்காவா?" என்று கேட்டாள்.

தலையை மட்டும் ஆட்டினேன். அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இறந்தவர் என் அண்ணி அஞ்சலை. பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருக்கும், ஊர் வழக்கில் சொன்னால் சொல்தாவாக இருக்கும், என் அண்ணன் தனகோடியின் மனைவி. முப்பது வயதுகூட நிறையவில்லை. நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சலாகி, பத்து நாளில் முடிந்துவிட்டது. எங்கள் தெருவில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவர் எந்தப் பெயரில் இறந்தார் என்பது இரண்டு குடும்பங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. இனி அதை மறைக்க எனக்கு மனமில்லை. ஊர் பேர் தெரியாத நாலு பேராவது படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருடம் அவர்கள் கல்யாணம். அண்ணனுக்கு லீவு குறைவு. மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் பதிந்தால்தான் பின்னால் மனைவியைப் பிரான்சுக்குக் கூட்டிப்போக முடியும். பதிவுக்குக் கிடைத்த நாளோ, அண்ணிக்குக் காப்புக் கட்டியதற்கு மறுநாள். காப்புக் கட்டிய பெண் வாசற்படி தாண்டக்கூடாது என்று அவருடைய அப்பா ஒரே பிடியாக நின்றார். அதோடு இன்னொரு சிக்கல். அண்ணி பிறந்தது கடலூர்ப் பக்கம், தாய்வழிப் பாட்டன் வீட்டில். இங்கே அவருக்குப் பிறப்புச் சான்று கிடையாது. இரண்டு வயது இளையவளான சரோஜா இங்கேயே பிறந்தவள், அவளுக்கு இருந்தது.

"காயிதம்தான கேக்குறான். சின்னவ காயிதத்த எடுத்துக்கினு சின்னவளே போயி ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வரட்டும். தாலி கட்டுறது யாருக்குன்னு நமக்குத் தெரியாதா?" என்றார் பெரியவர்.

யாரும் மறுக்கவில்லை. என் அண்ணனும் மறுக்கவில்லை. சரோஜா பட்டுப்புடவை கட்டிப் போய், கேட்ட கேள்விக்குப் பிரெஞ்சில் ஆமாம் என்பதற்கான 'வுய்' சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அலுவலகத்தார் தங்கள் முன் நின்ற பெண்ணையும் அவளுடைய காகிதத்தையும் சரிபார்த்தார்கள், இரண்டும் பொருந்தின. அவர்கள் மேல் குற்றமில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். வக்கீல் ஆபீசில் குமாஸ்தா வேலை பார்க்கிறவன். எனக்காவது புத்தி இருந்திருக்க வேண்டும். போட்டுவிட்டு எல்லோருமாக ஒரு கடையில் எலுமிச்சை சர்பத் குடித்துச் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினோம். இரண்டு நாள் கழித்துக் கோயிலில் தாலி ஏறியது அஞ்சலை அண்ணியின் கழுத்தில்.

மறுவருடம் அண்ணன் அழைத்தார். மூன்று வருடம் இருந்துவிட்டு எல்லோருமாகத் திரும்பிவிடலாம் என்று கணக்கு. பம்பாயில் கப்பலேற்றிவிடும் பொறுப்பு என்னுடையது. விழுப்புரம் வழியாக ரயிலில் சென்னை, அங்கிருந்து பம்பாய். நாலு நாள் தங்கிப் பயணக் காகிதம் வாங்கிக்கொண்டு கப்பல் ஏறவேண்டியது. மாதுங்காவில் தமிழர் நடத்திய விடுதியில் அண்ணிக்கு ஓர் அறை, எனக்குக் கூடத்தில் ஒரு கட்டில்.

ரயிலில்தான் நான் விஷயத்தைச் சொன்னேன். பிரெஞ்சு அலுவலகத்தில் பெயர் கேட்பார்கள், சரோஜா என்று சொல்லவேண்டும் என்று. அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 

முதல் நாள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மொழிபெயர்ப்பாளர் மூலம் பெயர் கேட்டார். அண்ணி வாய் திறக்கவில்லை. கணவர் பெயர் கேட்டார். கணவர் பெயரைச் சொல்கிற பழக்கம் எங்கள் பெண்களுக்கு ஏது? அதற்கும் வாய் திறக்கவில்லை. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? நாளைக்கு வாருங்கள்" என்று தன்மையாகவே அனுப்பினார். மறுநாளும் அதே கதை. நாலாம் நாள் கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போயிற்று.

பிறகு ஏழு வாரம். அறையின் ஒரே ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர், கை நீட்டினால் தொடலாம். மழை வேறு விடாமல் பெய்தது. ஊருக்குத் திரும்பிக் கோர்ட்டில் திருத்தலாம் என்றால், பொய்ச் சாட்சிக்கு முதலில் உள்ளே போகிறவர்கள் நானும் சரோஜாவும். அண்ணனுக்கோ வேலை போகும். முன்னே போனால் பெயர் போகும். அண்ணன் தந்தி அடித்தார், சரோஜா என்றே வரச் சொல் என்று. அதைப் படித்துக் காட்டியபோது அண்ணி சொன்னதை மறக்க முடியவில்லை.

"அவருக்கு என்னா தம்பி, சுலபமா சொல்லிட்டாரு. எனக்குன்னு எங்க அப்பா குடுத்தது அந்தப் பேரு ஒண்ணுதான். நகைகூட தங்கச்சி கல்யாணத்துக்கு வேணும்னு பாதிய அங்கியே வச்சிட்டு வந்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப ஊருக்கே போயிடலாமா? சொல்லுங்க, இன்னிக்கே டிக்கெட் எடுக்குறேன்" என்று கத்தினேன். வெட்கக்கேடு. என் வேலை போய்விடுமே என்று எனக்குப் பயம், அதை அவர் மேல் காட்டினேன்.

அண்ணி நிதானமாக, "போனா சரோஜாவ புடிப்பாங்களா?" என்று கேட்டார். பிடிக்கலாம் என்றேன்.  "ஒரு பென்சில் வாங்கியாங்க தம்பி" என்றார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிரெஞ்சு எழுத்தில் சரோஜா என்று நான் எழுதிக்காட்ட, விடுதியின் பழைய சாப்பாட்டுச் சீட்டுகளின் பின்பக்கம் எல்லாம் எழுதிப் பழகினார். வாழ்க்கையில் அவர் முதன்முதலாக எழுதிய சொல் தங்கையின் பெயர்தான். எட்டாவது வாரம் அலுவலகத்தில் போய் நின்று, கேட்பதற்கு முன்பே "சரோஜா" என்றார். கணவர் பெயரையும் சொன்னார். வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

துறைமுகத்தில் ஒன்றுதான் கேட்டார். "அங்க யாராவது அஞ்சலைன்னு கூப்புட்டா நான் திரும்பிப் பாக்கக்கூடாது, இல்ல?" 

மூன்று வருடம் ஆறாக நீண்டது. அங்கே தமிழ் தெரிந்த ஒரு பெண்ணிடம் எழுதக் கற்றுக்கொண்டார். கடிதங்கள் வரும். அனுப்புநர் சரோஜா, பெறுநர் சரோஜா. தபால்காரர் சிரிப்பார். 'வெளியே போனால் யாராவது காகிதம் கேட்பார்களோ என்று வீட்டிலேயே கிடக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் மூச்சு முட்டுகிறது' என்று ஒரு கடிதத்தில் இருந்தது. பையன் பிறந்தான். அவன் பள்ளிக்கூடத்திலும் தாயின் பெயர் சரோஜா. ஊருக்கு ஒருமுறை வந்து போங்கள் என்று நான் எழுதினால், 'அந்த மேசை முன்னால் இன்னொரு முறை நிற்க என்னால் ஆகாது தம்பி' என்று பதில் வரும்.

இங்கே சரோஜா மட்டும் என்ன வாழ்ந்தாள்? வந்த வரன்கள் பதிவுக் காகிதம் கேட்டவுடன் அவள் அப்பா பேச்சை நிறுத்திக்கொள்வார். காகிதத்தில் அவள் என் அண்ணனின் மனைவி. இந்த வருடம் ஊரே பிரெஞ்சுக் குடியா இந்தியக் குடியா என்று எழுதிக்கொடுக்கக் கிளம்பியிருக்கிறது. அவள் எங்கே போய் எழுதிக்கொடுப்பாள்? இப்போது காகிதப்படி அவள் செத்தும் போய்விட்டாள். இந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

தந்திக்குப் பின்னால் அண்ணனின் கடிதம் வந்தது. கல்லறைக் கல்லில் என்ன பெயர் வெட்டுவது என்று கேட்டிருந்தார். இனியாவது உண்மையை வெட்டச் சொல்வோம், வருவது வரட்டும் என்று நான் குதித்தேன். சரோஜாதான் தடுத்தாள்.

"வேணா. கல்லுல ஒரு பேரு, பையன் காயிதத்துல ஒரு பேருன்னா நாளைக்கு அந்தப் புள்ளைய எவனாவது கேள்வி கேப்பான். எம் பேரே இருக்கட்டும்."

அவள் சொன்னபடியே எழுதிப்போட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்தை வைத்திக்குப்பம் கடற்கரையில் செய்தோம். அண்ணன் இடத்தில் நான் உட்கார்ந்தேன். ஐயர் எள்ளையும் தண்ணீரையும் என் கையில் விட்டு, "இறந்தவங்க பேரைச் சொல்லுங்க" என்றார். என் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. இத்தனை வருடம் வாயைக் கட்டிப் பழகியவன், பொய்யும் வரவில்லை, மெய்யும் வரவில்லை. ஐயர் மறுபடி கேட்டார்.

பின்னால் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்த அண்ணியின் அப்பா பதில் சொன்னார். "அஞ்சலை."

மூன்று தடவை சொல்லவேண்டும் என்றார் ஐயர். பெரியவர் மூன்று தடவை சொன்னார். போதும் என்று ஐயர் கையைக் காட்டினார். பெரியவர் கேட்கவில்லை. கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, வீட்டுக்குள் இருக்கும் பெண்ணை வாசலிலிருந்து கூப்பிடுவதுபோல, "அஞ்சல, ஏ அஞ்சல" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சரோஜா போய்க் கையைப் பிடித்தும் நிறுத்தவில்லை.

திரும்பிப் பாருங்கள் அண்ணி. இனி யாரும் காகிதம் கேட்கமாட்டார்கள்.