பக்கிள் மேசையில் என் பக்கத்து இருக்கை

பனிமலையில் போடுகிற றப்பர் பூட்ஸுக்குப் பக்கிள் பூட்டுகிறவர்களுக்கு ஒரு தலைவிதி உண்டு: கால் காய்ந்திருந்தால் ஆட்கள் பூட்ஸைப் புகழ்வார்கள், கால் நனைந்தால் பக்கிளைத் திட்டுவார்கள். எண்பதுகளின் நடுவில் நான் அந்தத் திட்டு வாங்கும் மேசையில் இருந்தேன். நாங்கள் குடிவந்த நாட்டில், ஹென்டர்சன் என்ற இடத்தில், ஏழெட்டுப் பேர் வேலை செய்த சின்னத் தொழிற்கூடம் அது. பூட்ஸ் வேறு இடத்திலிருந்து, உள்ளே தண்ணீர் புகாத றப்பர் மடிப்போடு, முன்பக்கம் பிளந்தபடி எங்களுக்கு வரும். அந்தப் பிளவை இழுத்து மூடுவதற்கு ஒரு பக்கம் கம்பிக் கொக்கியும், மறுபக்கம் அதை மாட்டுகிற தகடும் வைத்து ரிவிட் ஆணி அடிப்பது எங்கள் வேலை. அந்த இரண்டும் சேர்ந்ததுதான் பக்கிள். ரிவிட் அடித்தால் றப்பரில் துளை விழும். அந்தத் துளையால் தண்ணீர் போகாமல் உள்பக்கம் ஒரு றப்பர் துண்டு ஒட்டவேண்டும். வேலை முழுவதும் இவ்வளவுதான்.

வேலை கஷ்டமில்லை. பக்கத்து இருக்கைதான் கஷ்டம். உங்களைவிடக் கெட்டிக்காரர் ஒருவருக்குப் பக்கத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் இருந்து வேலை செய்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நான் சொல்லப்போவது உங்களுக்கு விளங்கும். அந்த அனுபவம் இல்லாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

நான்கு மாத அக்கா

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் கழித்து வசந்தா வந்தாள். திருச்சிக்காரி. முதலாளி கெவின் அவளை என் பக்கத்தில் இருத்திவிட்டு, "பிலோ, இவளுக்கும் உன் பாஷைதானாம், வேலையைக் காட்டிக்கொடு" என்றார். என் பெயர் பிலோமினா. அதை முழுதாகச் சொல்லுமளவு பொறுமை அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

பாஷை ஒன்றுதான், ஆனால் நான் கதைத்தேன், அவள் பேசினாள். ஆமாம் என்பதற்கு நான் "ஓம்" என்றால் அவள் சிரிப்பாள். முதல்நாளே என்னை "அக்கா" என்று கூப்பிட்டாள். பிறந்த திகதியை விசாரித்துப் பார்த்தேன். எனக்கும் அவளுக்கும் நான்கு மாதம்தான் வித்தியாசம். நான்கு மாதத்துக்கு ஓர் அக்காவா என்று மனதுக்குள் பொருமிக்கொண்டு, ரிவிட்டை எங்கே வைப்பது, எவ்வளவு அழுத்துவது, கம்பியை எந்த அளவுக்கு வளைப்பது எல்லாம் காட்டிக்கொடுத்தேன்.

மூன்றாவது கிழமை நான் பதினெட்டுச் சோடி முடித்த நாளில் அவள் இருபத்தாறு முடித்தாள். ஒன்றுகூடக் கோணலில்லை. கெவின் அவளுடைய தட்டைத் தூக்கிப் பார்த்தார், என்னுடையதையும் பார்த்தார், பிறகு என் தோளில் தட்டிச் சொன்னார்: "நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறாய், பிலோ. இனி நீ அவளிடம் கேட்டுப் பழகு."

பூட்ஸோடு வந்த பெண்

பாடசாலை விடுமுறை முடிந்த திங்கட்கிழமை, பணக்காரர் இருக்கிற எப்சமிலிருந்து ஒரு பெண் நேராக எங்கள் கூடத்துக்கே வந்தாள். நல்ல பாவாடை, நல்ல முத்துமாலை, காலில் எங்கள் பூட்ஸ். பிள்ளைகளோடு மலைக்குப் போனவள், ஒரு கால் பக்கிள் இறுகித் திறக்க முடியாமல், முந்தின நாள் பின்னேரத்திலிருந்து அதோடுதான் இருக்கிறாள். வெட்டி எடுக்கலாம் என்று கணவன் சொன்னாராம். புது பூட்ஸை வெட்ட அவளுக்கு மனமில்லை.

கொக்கியைக் கண்டவுடனே எனக்கு விளங்கிவிட்டது. கம்பியைக் கொஞ்சம் கூடுதலாக நெரிப்பது என் பழக்கம். அது என்னுடைய பக்கிள். முழங்காலிட்டு அவளுடைய காலைக் கட்டிப்பிடித்துக் கால்மணித்தியாலம் இழுத்தேன். வியர்த்ததுதான் மிச்சம். வசந்தா எழும்பிப் போய்ச் சாப்பாட்டு அறையிலிருந்து ஒரு தேக்கரண்டியை எடுத்துவந்தாள். அதன் காம்பைக் கம்பிக்கு அடியில் விட்டு ஒரு திருப்புத் திருப்பினாள். டக்கென்று திறந்தது.

அந்தப் பெண் கால்விரல்களை ஆட்டிப் பார்த்தாள், வசந்தாவைக் கட்டியணைத்தாள். பிறகு, தரையில் இருந்த என்னையும் விட்டுவிடக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, குனிந்து சொன்னாள்: "உங்களுக்கும் நன்றி. என் காலை மிகவும் நன்றாகப் பிடித்துக்கொண்டீர்கள்."

குளிர்ப்பெட்டிப் பரீட்சை

மலையில் கையுறையைக் கழற்றாமலே திறக்கக்கூடிய பக்கிள் வேண்டும் என்று ஒரு பனிச்சறுக்கு இடத்திலிருந்து கேட்டிருந்தார்கள். பல்லுப் பல்லாய்ப் பூட்டுகிற சிப் வைத்தால் உறைந்துவிடும், கயிறு கட்டினால் முடிச்சில் பனி இறுகிவிடும். நாங்களே ஏதாவது யோசித்துக்கொண்டு வரலாம் என்று கெவின் சொன்னார்.

இரண்டு பின்னேரம் வீட்டில் அடுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு முயன்றேன். கொக்கியின் நுனியில் ஒரு தோல் வால் தைத்தேன். பிடித்து இழுக்க மிக நன்றாக இருந்தது. அப்படி ஒரு பெருமை எனக்குக் கலியாணத்தன்றுகூட வரவில்லை. வசந்தா பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கம்பியைப் பெருவிரல் நுழைகிற அளவுக்கு அகலமான வளையமாக வளைத்துக்கொண்டு வந்திருந்தாள், அவ்வளவுதான். இரண்டையும் நனைத்து, கெவின் ஆட்டிறைச்சி வைக்கிற குளிர்ப்பெட்டிக்குள் வைத்தோம்.

மறுநாள் காலை எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். வசந்தாவின் வளையம் கையுறைப் பெருவிரலோடு லேசாக வந்தது. என் தோல் வால் கருவாடு மாதிரி விறைத்திருந்தது. இழுத்தேன், முறிந்து கையோடு வந்தது. கெவின் அதை வாங்கித் தன் இறைச்சிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இரண்டும் நன்றாக உறைந்திருக்கிறது, பிலோ. ஒன்றையாவது சாப்பிடலாம்."

வீட்டிலும்

ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, வசந்தாவையும் அவள் கணவரையும் சான்ட்ரிங்ஹாமில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். நானாகக் கூப்பிடவில்லை, என் கணவர் நச்சரித்தார். வந்தவள் சும்மா இருந்தாளா? ஆறு மாதமாக மூடி சரியாகப் பூட்டாத பிரஷர் குக்கரைக் கையில் எடுத்தாள், உள்ளே இருந்த றப்பர் வளையத்தைக் கழற்றி மறுபக்கம் திருப்பிப் போட்டாள். குக்கர் நல்ல பிள்ளையாக விசிலடித்தது. "பாரும் பிலோமினா, இவ்வளவுதானாம்" என்று என் கணவர் மூன்று தரம் சொன்னார். மூன்றாவது தரம் நான் கறிக்கு உப்பைக் கூடுதலாகப் போட்டுவிட்டேன்.

அவர்கள் புறப்பட்டபோது என் மகளின் மழைக்கோட்டுச் சிப்பும் சரியாகியிருந்தது. அவளுக்கு அப்போது ஐந்து வயது, பாடசாலை தொடங்கியதிலிருந்து தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில். கார் திரும்பும்வரை கை காட்டிவிட்டு உள்ளே வந்து, அன்று தமிழிலேயே கேட்டாள்: "அம்மா, அந்த ஆன்ரி எங்களோடயே இருக்க ஏலாதா?"

பெட்டி கட்டிய காலை

அந்தப் பனிச்சறுக்கு இடத்துக்கு மாதிரிச் சோடிகள் தயாராகின. பிடித்திருந்தால் அவர்களுடைய ஆட்கள் எல்லோருக்கும் எங்களிடமே வாங்குவார்கள். கெவின் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போகப்போகிறார் என்றதும் எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. மன்னார்க்காரி நான். எங்கள் ஊர் வெயிலில் பனிக்கட்டி தண்ணீராகிறதைத்தான் கண்டிருக்கிறேன், வானத்திலிருந்து விழுந்து கண்டதில்லை. மேசைக்கு முதலில் வந்தவளும் நான்தான். கெவின் வசந்தாவின் பெயரைச் சொன்னார்.

புறப்படுகிற அன்று காலை சோடிகளை நான் பெட்டியில் அடுக்கினேன். வசந்தா செய்த ஒரு சோடியில், வலது பூட்ஸின் உள்ளே, ரிவிட்டை மூடுகிற றப்பர் துண்டின் ஓரம் நகக்கண் அளவுக்குக் கிளம்பி நின்றது. பசை சரியாகப் பிடிக்கவில்லை. அவள் வேலையில் நான் கண்ட முதல் பிழை. விரலால் தடவிப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு வந்தது கவலை இல்லை, சந்தோஷம். பூட்ஸைப் பெட்டிக்குள் வைத்தேன், மேலே கடதாசியை வைத்தேன்.

வசந்தா கோட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள். "எல்லாத்தையும் ஒரு தடவை பாத்தீங்களா?" என்று கேட்டாள். "ஓம், பாத்தனான்" என்றேன். அவள் முகம் தெளிந்தது. கயிற்றை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க பாத்துட்டீங்கன்னா போதும்க்கா. பெட்டியைக் கட்டிடுறேன்."

வந்த செய்தி

கெவினும் வசந்தாவும் சோடிகளைக் கொடுத்துவிட்டு வந்த நான்கு நாளில் மலையிலிருந்து தொலைபேசி வந்தது. ஆட்களை மலைமேலே ஏற்றுகிற, கதிரைகள் தொங்குகிற லிஃப்ட்டில் வேலை செய்கிற ஒருவர், அந்தச் சோடியோடு நாள் முழுக்கப் பனியில் நின்றிருக்கிறார். துளையால் தண்ணீர் போய், காலுறை நனைந்து, மூன்று கால்விரல் வெள்ளையாக விறைத்து உணர்ச்சி இல்லாமல் போய்விட்டதாம். வைத்தியரிடம் போய், தெய்வாதீனமாக விரல்கள் தப்பின. வாங்குகிற பேச்சு நின்றுவிட்டது.

கெவின் சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. திரும்பி வந்த பூட்ஸை மேசையில் வைத்து, யார் செய்தது என்று மட்டும் கேட்டார். வசந்தா எழும்பி நின்று, "நான்தான். பசை என் பிழை" என்றாள். ஒரு வருடத்துக்கு மேலாக நான் காத்திருந்தது அந்தக் காட்சிக்குத்தான். ஆனால் கண்டபோது சந்தோஷம் வரவில்லை. நானும் எழும்பினேன். "அவள் கவனிக்கவில்லை. நான் கண்டனான். கண்டும் சொல்லவில்லை" என்று எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். கெவின் பூட்ஸை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டார்.

வசந்தா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னிடம் திரும்பித் தமிழில், மற்றவர்களுக்கு விளங்காத அந்த எங்கள் பாஷையில், மெதுவாகக் கேட்டாள்: "எம்மேல கோவம்னா என்னைத் திட்டியிருக்கலாமே. அந்த ஆளோட காலு என்ன பண்ணுச்சு?"

மலையில்

வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று இருந்தேன். மறுநாள் கெவின் வந்து, அந்த மனிதருக்குப் புதுச் சோடி ஒன்று நானே செய்யவேண்டும், நானே கொண்டுபோய் அவர் காலில் போட்டுவிடவேண்டும் என்றார். ஒட்டுத் துண்டுகளை மூன்று முறை சரிபார்த்தேன். கெவினின் காரில், ஐந்து மணித்தியாலம், பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

நான் ஆசைப்பட்ட பனி, கார் நிறுத்துகிற இடத்தில் சேற்றோடு கலந்து சாம்பல் நிறத்தில் கிடந்தது. மேலே மலை வெள்ளையாகத்தான் இருந்தது. நிமிர்ந்து பார்க்க எனக்கு முகமில்லை. அவர் நெடிய மனிதர், இன்னும் நொண்டிக்கொண்டுதான் வந்தார். முழங்காலிட்டு அவருக்குப் பூட்ஸைப் போட்டு, பக்கிளை மாட்டி, நடந்ததைச் சொன்னேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பொறாமை என்றேன். அந்தச் சொல்லின் ஆங்கிலம் எனக்குத் தெரிந்திருந்தது, வரும் வழியெல்லாம் அதைத்தான் மனதில் சொல்லிப் பார்த்தேன்.

அவர் எழும்பிப் போய், பக்கத்து ஓடையில் கெண்டைக்கால் அளவு பனித்தண்ணீரில் அரைமணித்தியாலம் நின்றார். நான் என் மெல்லிய சப்பாத்தோடு கரையில் நின்றேன், கால் மரத்துப்போனது. திரும்பி வந்து, கையுறையைக் கழற்றாமலே வளையத்துக்குள் பெருவிரலை விட்டுப் பக்கிளைத் திறந்தார். காலுறையைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது. இன்னொரு முறை பூட்டித் திறந்தார், முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. என்னை மன்னித்துவிட்டார் என்றே நினைத்தேன். அவர் கேட்டது இது: "இந்த வளையத்தைச் செய்த பெண் வரவில்லையா? நான் கைகொடுக்க வேண்டியது அவளுக்குத்தான்."

பிறகு

வாங்குகிற பேச்சு மறுபடி தொடங்கி, வளையம் வைத்த பூட்ஸே அவர்கள் எல்லோருக்கும் போனது. கெவின் பக்கிள் மேசையின் பொறுப்பை வசந்தாவிடம் கொடுத்தார். நான் கட்டிய பெட்டியை அவள் ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாள். எனக்கு எரியும், ஆனால் வாய் திறக்க எனக்கு என்ன நியாயம் இருந்தது? இரண்டு மாதம் அவள் என்னோடு வேலை விஷயம் மட்டும்தான் பேசினாள். பிறகு ஒரு நாள் மத்தியானம் தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து பாதித் தோசையை எடுத்து என் மூடியில் வைத்தாள். நானும் என் மீன்பொரியலில் ஒரு துண்டு வைத்தேன். இரண்டு வருடம் கழித்து அவள் கணவருக்கு வெலிங்டனில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். நான் அந்த மேசைக்குப் பொறுப்பானேன், அவள் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை. முதல்நாள் இருபத்தேழு சோடி முடித்துவிட்டுத் தலையைத் திருப்பினேன். பெருமையாகச் சொல்லிக்காட்ட ஆளில்லை. அந்த வெற்றுக் கதிரைக்குப் பதிலாக, அந்தப் பக்கமாகப் போன கெவின்தான் சொன்னார்: "வசந்தா இருந்திருந்தால் இன்று முப்பது முடித்திருப்பாள்."

கெட்டிக்காரிக்குப் பக்கத்தில் இருந்து வேலை செய்வது பெரிய கஷ்டம்தான், ஆனால் அவள் எழும்பிப் போன பிறகும் அவளோடுதான் வேலை செய்யவேண்டியிருக்கிறது என்பதை ஒருவரும் முன்கூட்டியே சொல்வதில்லை.