மெயின் அக்காவின் கடைசி வில்லன்

என் மனைவியை வேலையிடத்தில் எல்லோரும் மெயின் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டடங்களுக்கு வயரிங் செய்வது அவள் தொழில். எந்த வீட்டுக்குள் கால் வைத்தாலும் முதலில் வாயில் வருவது ஒரே கேள்விதான்: "மெயின் ஆஃப் பண்ணியாச்சா?" அணைத்தாயிற்று என்று யார் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டாள், தானே போய்ப் பார்ப்பாள். கூட வேலை செய்தவர் ஷாக் அடித்து ஏணியிலிருந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தவள்.

இவளுக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. பதினாலு வயதில் வந்த வீடியோ கேம் பெட்டி, அதில் ஒரு நிஞ்சா கேசட். கறுப்பு முகமூடியும் முதுகில் வாளுமாகச் சுவருக்குச் சுவர் தாவும் கட்டைவிரல் உயர மனிதன். முப்பது வருடமாக ஆடுகிறாள், கடைசி வில்லனை மட்டும் வென்றதில்லை. அந்தக் காலத்துக் கேசட்டில் விட்ட இடத்தைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. பெட்டியை அணைத்தால் போச்சு, மறுபடியும் முதல் ஸ்டேஜிலிருந்து மாரடிக்க வேண்டியதுதான்.

போன மாதம் அவளுடைய வலது கட்டைவிரல் மடங்கினால் நிமிரமாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தது. திங்கட்கிழமை ஆபரேஷன் என்றார் டாக்டர்.

"பழைய வேகம் வருமா டாக்டர்?"

"இப்பவே சொல்ல முடியாதும்மா."

ஸ்குரூ டிரைவர் பிடிப்பதைப் பற்றிக் கேட்கிறாள் என்று அவர் நினைத்திருப்பார். எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை கேசட்டின் அடியில் ஊதிச் செருகினாள். சாப்பிட, தூங்க, விரலுக்கு ஒத்தடம் கொடுக்க எழுந்தால் ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைப்பாள், பெட்டியை அணைக்கவில்லை. மூன்று நாளும் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கரண்ட் போய்த் தொலைத்தால்? ஊருக்கெல்லாம் இன்வெர்ட்டர் மாட்டுகிறவள் வீட்டில் இன்வெர்ட்டர் இல்லை. கூடத்தில் உட்காரவும் முடியவில்லை, அடுப்படியில் நிற்கவும் முடியவில்லை.

"ஏங்க, குறுக்கயும் நெடுக்கயும் நடக்காதீங்க. இங்க உயிர் போகுது."

"யாருக்கு?"

"நிஞ்சாவுக்குத்தான்."

ஞாயிறு மதியம் வில்லன் முன்னால் போய் நின்றாள். ஐந்து முறை செத்தாள். செத்தால் மூன்று ஸ்டேஜ் பின்னால் தள்ளிவிடும்; இந்தக் கேசட்டைச் செய்தவன் நல்லா இருப்பானா? ஆறாவது முறை அவள் குரலே மாறியிருந்தது.

"வந்து பாருங்க. இன்னும் ரெண்டே வெட்டு."

நான் போகவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை. கையும் சும்மா இருக்கவில்லை. சமையலறை சுவிட்சில் ஆறு மாதமாகப் பொறி பறந்துகொண்டிருந்தது, எலக்ட்ரீஷியன் வீட்டு லட்சணம். அதையாவது சரிசெய்யலாம் என்று மூடியைக் கழற்றினேன். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?

"என்னங்க அங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல, இந்த சுவிட்ச்தான். நீ ஆடு."

"மெயின் ஆஃப் பண்ணியாச்சா?"

ஸ்குரூ டிரைவரை ஒயரில் வைத்தபடியே நின்றேன். அடுத்த நொடி எதுவோ தரையில் விழுந்தது, கூடத்தில் ஓடும் சத்தம் கேட்டது, டப் என்று மெயின் விழுந்தது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது. டிவி கறுத்துப்போனது.

வந்து என் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைப் பிடுங்கினாள்.

"கூறு கெட்டுப்போச்சா உங்களுக்கு? ஒயரைத் தொட்டுட்டு நிக்கிறீங்க."

அதற்கப்புறம்தான் டிவியைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது.

"கையை எடுங்கன்னு கத்தியிருக்கலாமே," என்றேன்.

"தோணவே இல்லைங்க," என்றாள்.

திங்கட்கிழமை ஆபரேஷன் முடிந்தது. நான்காம் நாள் கட்டுப்போட்ட கையோடு டிவி முன்னால் உட்கார்ந்து, தன் வலப்பக்கத்தைத் தட்டிக் காட்டினாள்.

"இங்க உக்காருங்க. நடக்க வைக்கிறது என் இடது கை. குதிக்கிறதும் வெட்டுறதும் உங்க வேலை. நான் சொன்னதும் அழுத்தணும்."

அரைமணி நேரத்தில் முதல் ஸ்டேஜின் முதல் பள்ளத்திலேயே பதினோரு முறை விழுந்தோம். என் விரல் வியர்த்து வழுக்கியது.

"குதிங்க."

குதித்தேன். அதற்குள் நிஞ்சா பள்ளத்துக்குள் போயிருந்தான்.

"கரண்ட்ல கை வைக்க மட்டும் அவ்வளவு வேகம்," என்றாள். கட்டுப்போட்ட கையை என் மடியில் வைத்துவிட்டு, இடது கையால் மறுபடியும் நடக்க வைத்தாள். "ம், குதிங்க."