திருவாதிரை மங்கலாகத் தெரிவது என் குற்றமல்ல

வானத்திலேயே பிரகாசமானது துருவ நட்சத்திரம் என்று நம்புகிறவர்களுக்கு, ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்: அது முதல் நாற்பதில்கூட வராது. டெல்லியில் மாடி மாடியாக டெலஸ்கோப் தூக்கிப்போய் நட்சத்திரம் காட்டிப் பிழைக்கும் என் போன்ற பாவிகளுக்கு இந்தச் செய்தியைச் சொல்வதே பாதி வேலை.

போன பிப்ரவரியில் ஆர்.கே.புரத்தில் ஒரு குடியிருப்பு. செயலாளர் தணிகாசலம் முதலிலேயே சொல்லிவிட்டார்: ஜனங்களுக்குப் பிடித்தால் மாதாமாதம் வரலாம், இல்லாவிட்டால் இன்றோடு சரி.

பக்கத்து சீட்

முதலில் வந்தவர் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு மாமி. ஜன்ம நட்சத்திரம் திருவாதிரை. காட்டினேன். பக்கத்திலேயே சிரியஸ் நட்சத்திரம் அதைவிட ஜொலித்ததில் மாமிக்கு வருத்தம். "உண்மையில் திருவாதிரையின் ஒளி பல ஆயிரம் மடங்கு அதிகம் மாமி. சிரியஸ் நமக்குக் கிட்டே இருக்கிறது, அவ்வளவுதான்" என்றேன்.

மாமி பெருமூச்சு விட்டார். "எங்க ஆபீஸ்லயும் அதேதான். டைரக்டர் ரூமுக்குப் பக்கத்துல சீட் போட்டவனுக்குத்தான் புரமோஷன்."

வசிஷ்டரும் வீட்டுக்காரியும்

அடுத்து ஒரு புதுமணத் தம்பதி. கல்யாணத்தன்று காலை பத்து மணிக்கு, ஏசி ஹாலில், சாஸ்திரிகள் ஃபால்ஸ் சீலிங்கைக் காட்ட, இருவரும் அருந்ததியைப் "பார்த்தாச்சு" என்றார்களாம். இப்போது நிஜமாகவே காட்டினேன். வசிஷ்டர் பளிச்சென்று, அருந்ததி பக்கத்தில் மங்கலாக.

"அவங்க தள்ளி இருக்காங்களா அங்கிள்?"

பேசாமல் தலையாட்டியிருக்கலாம். "இல்லைம்மா, ஏறக்குறைய ஒரே தூரம். அருந்ததிக்குச் சொந்த வெளிச்சமே கம்மி" என்றேன். மாப்பிள்ளை சிரித்தான். பெண் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"சீலிங்ல பார்த்த அருந்ததியே நல்லா இருந்தா அங்கிள்."

இருட்டில் என்ன தெரியும்?

கடைசியில் தணிகாசலம். அண்ணாந்து பார்த்தார். "இவ்வளவுதானா? பத்துப் பதினைஞ்சுகூடத் தேறாது போலிருக்கே!"

என் பிழைப்பு ஊசலாடியது. சொந்த ஒளி, தூரம் இரண்டும் போக மூன்றாவதாக ஒன்று உண்டு என்று விளக்கினேன். நடுவில் டெல்லியின் தூசி. அந்தத் தூசியில் பட்டுச் சிதறும் ஊர் வெளிச்சம். தூசிக்கு நான் பொறுப்பில்லை; ஆனால் தலைக்கு மேல் எரியும் அந்த ஃபோகஸ் லைட்டையாவது அணைக்கலாமே?

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "படிச்சவர் பேசற பேச்சா இது? இருட்டுல எதுய்யா தெரியும்? நீங்க அடுத்த மாசம் தைரியமா வாங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்."

அடுத்த மாதம் போனேன். மாடியில் நான்கு ஃபோகஸ் லைட் எரிந்தன, நான்கும் வானத்தைப் பார்த்து.