பச்சைப் பட்டைக்காரன் நீலப் பட்டைக்குத் தாவிய கதை

போட்டோகிராபர் என்பவன் ஊரில் நடக்கிற அத்தனை கல்யாணத்திலும் இருப்பான், ஒரு கல்யாண ஆல்பத்திலும் இருக்க மாட்டான். கழுத்தில் கேமராவும் வயிற்றில் பசியுமாகக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் தீர்ந்துபோன சேதியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வரும் சக தோழர்களே, இது உங்களுக்காக எழுதியது. மற்றவர்கள் படித்துச் சிரித்துக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை.

ஒரு பல்பு, இரண்டு முதலாளி

குன்னூரில் நான் ஸ்டுடியோ வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இந்த மலையில் எங்கள் தொழிலுக்கு முதல் எதிரி மூடுபனி. வாடிக்கையாளர் ரெண்டாவதுதான். பத்து நாள் பையிலேயே கிடந்தால் லென்ஸுக்குள் பூசணம் படர்ந்துவிடும். அதனால் ஒரு மரப்பெட்டிக்குள் பழைய குண்டு பல்பை எரியவிட்டு, அந்தச் சூட்டில் லென்ஸ்களை வைத்திருப்போம்.

என் பெட்டியில் இருந்ததில் பாதிதான் என்னுடையது. மீதி கோத்தகிரி சுந்தரத்துடையது. அவனும் போட்டோகிராபர். ரெண்டு பேரும் ஒரே கம்பெனி கேமரா, கழுத்தில் ஒரே பச்சைப் பட்டை. அதனால் அவன் லென்ஸ் எனக்குப் பொருந்தும், என்னுடையது அவனுக்குப் பொருந்தும். அவனுக்குப் பெரிய ஆர்டர் என்றால் என் லென்ஸ் கோத்தகிரி பஸ்ஸில் கண்டக்டர் மடியில் உட்கார்ந்து போகும், மறுநாள் திரும்பி வரும். எல்லா லென்ஸையும் ஆளுக்கொன்று வாங்கியிருந்தால் ரெண்டு பேருமே என்றைக்கோ கடையைச் சாத்தியிருப்போம்.

மழைக்காலத்தில் அந்தப் பெட்டியை நான் மணிக்கொரு தரம் திறந்து பார்ப்பதைக் கண்டு என் மனைவி சாந்தி ஒருநாள் கேட்டாள்: "ஏனுங்க, நம்ம துணிமணி காயறதுக்கும் இப்படி ஒரு பெட்டி செஞ்சு கொடுத்தா உங்க தொழில் கெட்டுப் போயிருமா?"

மரத்தைக் கட்டிக்கொண்ட பெண்

போன வருஷம் நடுவட்டம் பக்கம் ஒரு புதுமண ஜோடியைத் தேயிலைத் தோட்டத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தேன். வெயில், மேகம், பச்சை, எல்லாம் கூடி வந்த நாள். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால், கிழிந்தது போ! மாப்பிள்ளையும் பெண்ணும் மசமசவென்று இருக்கிறார்கள். பின்னால் நின்ற சில்வர் ஓக் மரம் மட்டும் நரம்பு நரம்பாகத் தெரிகிறது.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? கேமராவில் கோளாறு இல்லை. ஐம்பது தாண்டியதும் என் கண் மங்க ஆரம்பித்துவிட்டது. ஃபோகஸ் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. இதை வெளியே சொன்னால் மறுநாளே ஆர்டர் நின்றுவிடும். கண் தெரியாத டிரைவரின் பஸ்ஸில் யார் ஏறுவார்கள்? சாந்தியிடம் சொல்லவில்லை. சுந்தரத்திடம் சத்தியமாகச் சொல்லவில்லை. அந்தக் கல்யாணப் பெண் மட்டும் போனில் கூப்பிட்டாள்: "அண்ணா, மரம் சூப்பரா வந்திருக்குங்க. ஆனா நான் அதையா கட்டிக்கிட்டேன்?"

கட்சி தாவல்

நீலப் பட்டைக் கம்பெனியில் ஒரு புதுக் கேமரா வந்திருந்தது. எதிரில் நிற்கும் மனிதனின் கண்ணைத் தானே தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்துவிடுமாம். என் கண் செய்ய மறுத்த வேலையை அது செய்கிறது என்றால், இருபத்திரண்டு வருஷக் கொள்கை எல்லாம் எந்த மூலைக்கு? கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினேன். என் பச்சைப் பட்டைச் சாமான்களைக் கடையில் கொடுத்துவிட்டு நீலப் பட்டையோடு திரும்பினேன். கேட்டவர்களிடம் எல்லாம் "டெக்னாலஜி வளருதுங்க, நாமளும் வளரணுமில்லீங்களா" என்று அளந்தேன். தேர்தல் நேரத்தில் கட்சி மாறுகிறவர்கள்கூட இத்தனை கூச்சமில்லாமல் பேச மாட்டார்கள்.

பஸ் பர்லியாறு தாண்டுவதற்குள் சேதி கோத்தகிரிக்குப் போய்விட்டது. சுந்தரம் போன் செய்தான். இத்தனை வருஷமாக என்னை "டா" போட்டுக் கூப்பிட்டவன், அன்றைக்கு மரியாதை கொடுத்தான். கொங்கு நாட்டில் பழைய சிநேகிதன் திடீரென்று மரியாதை கொடுத்தால் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. "ரொம்பச் சந்தோசமுங்க. என்ற லென்ஸ் எல்லாம் இனி உங்களுக்கு எதுக்குங்க? பஸ்ஸுல போட்டு உட்ருங்க."

அனுப்பி வைத்தேன். அன்று பெட்டியில் பாதி இடம் காலியாகக் கிடக்க, பல்பு சும்மா எரிந்தது. லென்ஸ் மூட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட கண்டக்டர் கேட்டார்: "ஏனுங்க, ரெண்டு பேரும் பாகப்பிரிவினை பண்ணிக்கிட்டீங்களா?"

யாருக்கு வேண்டும் கம்பெனி

புதுக் கேமராவின் அருமை பெருமைகளை முதன்முதலில் ஒரு சிறிய டீ ஃபேக்டரி முதலாளியிடம் எடுத்துச் சொன்னேன். ஆபீஸ் சுவரில் மாட்ட அவருக்கு ஒரு படம் வேண்டும். கால் மணி நேரம் பேசினேன். கண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறது, எத்தனை வேகத்தில் எடுக்கிறது என்று எதையும் விடவில்லை. இதற்காகத்தான் இருபத்திரண்டு வருஷச் சிநேகிதத்தைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்: "அதெல்லாம் இருக்கட்டுங்க, இந்தத் தொப்பையை மறைக்கறதுக்கு அதுல ஏதாச்சும் பட்டன் இருக்குதுங்களா?"

பெரியப்பாவின் இடது கண்

அடுத்து வந்தது கோத்தகிரியில் ஒரு கல்யாணம். பெண் வீட்டுக்கு நான், மாப்பிள்ளை வீட்டுக்குச் சுந்தரம். ரெண்டும் நான் கட்சி மாறுவதற்கு முன்னாலேயே ஒத்துக்கொண்ட ஆர்டர். மேடையில் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். அவன் என் நீலப் பட்டையைப் பார்த்தான், பிறகு பார்க்கவே இல்லை.

கெட்டிமேளம் முழங்கியது. நான் கிட்டத்தில் இருந்தேன். தாலி, பெண், பெற்றவர்கள், பறக்கிற அட்சதை எல்லாம் ஒரே படத்தில் வர வேண்டும். காட்சியை விரிக்க லென்ஸை வலது பக்கம் திருகினேன். தோழர்களே, இங்கேதான் விதி விளையாடியது. பச்சைப் பட்டையில் வலது பக்கம் திருகினால் காட்சி விரியும். நீலப் பட்டையில் அதே திருகலுக்குக் காட்சி கிட்டே வரும். மூளைக்கு இது தெரியும். இருபத்திரண்டு வருஷம் பழகிய கை மூளையை எங்கே கேட்கிறது? கிட்டே வந்துவிட்டதே என்று பதறி இன்னும் வலது பக்கம் திருகினேன், இன்னும் கிட்டே வந்தது. நான் பாட்டுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன். மேளம் நின்றது. மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது.

கண்ணைத் தேடிப் பிடிக்கும் கேமரா சொன்ன சொல் தவறவில்லை. பன்னிரண்டு படங்கள். பன்னிரண்டிலும் பின்னால் நின்ற மாப்பிள்ளையின் பெரியப்பாவுடைய இடது கண், இமை முடி எண்ணுகிற மாதிரி அத்தனை தெளிவாக. தாலி ஒன்றில்கூட இல்லை. இனி அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது? பெண்ணின் அப்பா வேறு பக்கத்தில் வந்து தோளைத் தட்டினார்: "தாலி கட்டறது நல்லா வந்திருக்குங்களா? என்ற பொண்ணு ஆல்பத்துல மொதப் பக்கம் அதுதானுங்க வேணும்."

கடைசிப் பந்தி

வழக்கம்போல் கடைசிப் பந்தி. பாயசம் தீர்ந்திருந்தது. பக்கத்து இலையில் சுந்தரம் வந்து உட்கார்ந்தான். இலைக்குப் பக்கத்தில் ஒரு மெமரி கார்டை வைத்தான். "நீங்க முழிச்ச முழியைப் பார்த்தேனுங்க. இதுல தாலி இருக்கு, எடுத்துக்கங்க" என்றான். வாங்க எனக்கு வெட்கமாக இருந்தது. வாங்காமல் போனால் மானம் போய்விடும். அவ்வளவுதான், அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. டெக்னாலஜியும் இல்லை ஒரு வெங்காயமும் இல்லை, கண் தெரியவில்லை, அதனால்தான் மாறினேன் என்று சாம்பார் சாதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

சுந்தரம் சாப்பிடுவதை நிறுத்தினான். கார்டைத் திரும்ப எடுத்துத் தன் கேமராவில் போட்டு ஒவ்வொரு படமாகக் காட்டினான். பதினாலு தாலிப் படங்கள். அதில் பதிமூன்று மசமச. தெளிவான ஒன்றே ஒன்றைக் கண்டுபிடிக்கக் கேமராவை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினான். கிடைத்ததும் என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தான்: "கண்ணு தெரியலைன்னு எங்கிட்டச் சொல்றதுக்கு உனக்கு என்னடா கேடு? எனக்கும் ரெண்டு வருசமா பதினாலு எடுத்தா ஒண்ணுதான்டா தேறுது!"

ஆகவே தோழர்களே, கேமராவை மாற்றுவதற்கு முன்னால் ஒரு மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்திருக்கலாம் என்பதுதான் இத்தனை வருஷ அனுபவத்தில் நான் கண்டுபிடித்த ஒரே தொழில் ரகசியம்.